எல்லாத் தத்துவமும் ‘முழுமையான வளர்ச்சி’ என்றுதான் சொல்கிறதென்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பெங்களூரு அல்சூரில் இருந்துகொண்டு பி.எட். படிக்கிறீர்கள். இலட்சியவாதம் (எண்ணமே அடிப்படை என்பது), இயற்கைவாதம் (இயற்கையே ஆசிரியர் என்பது), பயனளவைவாதம் (செய்துபார்த்துப் பயனால் அளப்பது), இருத்தலியம் (மனிதன் தன் தேர்வால் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பது) என்று பாடத்தில் வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றிலும் ‘கல்வியின் நோக்கங்கள்’ பகுதி கடைசியில் ‘குழந்தையின் முழுமையான வளர்ச்சி’ என்றே முடிகிறது. இதற்கு நடுவில் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு தேடி நான்கு பள்ளிகள் ஏறி இறங்கியிருக்கிறீர்கள், அங்கே சுவரிலும் அதே வாக்கியம். இந்தத் தத்துவங்களுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, அல்லது தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பெயர்கள்தானா என்று கேட்கிறீர்கள். வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம். ஆனால் நோக்கத்தை அறிவிக்கிற வாக்கியத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அந்த நோக்கத்துக்காக எதை விட்டுக்கொடுக்கத் துணிகிறார்கள் என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கைத்தொழில் வழியாகவே பாடம் நடத்துகிற காந்தியின் ஆதாரக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உடல், மனம், ஆன்மா மூன்றிலும் உள்ள சிறந்ததை வெளிக்கொணர்வதே கல்வி என்று அவர் 1937 ஜூலையில் ஹரிஜன் இதழில் எழுதினார். இந்த வரியை எந்தப் பள்ளியும் கூச்சமில்லாமல் சுவரில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து அந்தக் கல்விக்காக ஜாகிர் உசேன் குழு போட்டுக்கொடுத்த டைம்டேபிளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 5 மணி 30 நிமிடம். அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம், கணக்கு, இசை, ஓவியம் மூன்றுக்கும் சேர்த்து 40, சமூகப் பாடமும் அறிவியலும் சேர்ந்து 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளை 10. இதைச் சுவரில் ஒட்ட இன்று எந்தப் பள்ளி முன்வரும்? கணக்குக்கு நேரம் குறைந்துவிட்டதே என்று கேட்டால், நூற்ற நூலின் சுற்றுகளை எண்ணுவது, பஞ்சின் எடையில் கழிவு எவ்வளவு என்று பார்ப்பது, கூலியும் விலையும் போடுவது எல்லாமே கணக்குதான் என்பது அவர்களுடைய பதில். அந்தத் திட்டம் தடுமாறிய இடமும் இதுதான். நூலிலிருந்து கணக்கையும் அறிவியலையும் இழுத்து எடுக்க ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாத பள்ளிகளில் நூற்பு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று பிரிந்துபோனது. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் குழந்தையைக் கூலியாளாக்கிவிடும் என்ற அச்சமும் அப்போதே எழுந்தது.

பிளேட்டோவையும் இப்படியே படிக்கலாம். பாடநூலில் ‘தன்னை உணர்தல்’ என்று ஒரு வரி இருக்கும். அவருடைய திட்டத்தில் இருப்பது ஆண்டுக் கணக்கு: தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு 20 முதல் 30 வயது வரை கணிதம் சார்ந்த படிப்பு, அதற்குப் பிறகு 5 ஆண்டு தர்க்க விசாரணை, 15 ஆண்டு பொதுப்பணி, 50 வயதில்தான் ‘நன்மை’ என்பதைக் காணும் தகுதி. இளைஞர்களிடம் வாதத்தைக் கொடுத்தால் நாய்க்குட்டி கிடைத்ததையெல்லாம் கடித்து இழுப்பதைப் போல் கண்டதையும் கிழிப்பார்கள் என்பதால் 30 வயது வரை அதைத் தரக்கூடாது என்கிறார். பெரும்பாலான குடிமக்களுக்கு இந்தப் படிப்பே கிடையாது. சமத்துவத்தையும் இளம் வயதுக் கேள்வியையும் அவர் விட்டுக்கொடுக்கிறார். இயற்கைவாதியான ரூசோ 1762-இல் ‘எமில்’ என்ற நூலில் விட்டுக்கொடுத்தது புத்தகத்தை. ஏறத்தாழ 12 வயது வரை, அதில் வருகிற கற்பனைச் சிறுவன் எமிலின் கையில் புத்தகமே வரக்கூடாது; பொருள்களும் அனுபவமும்தான் ஆசிரியர். அதே நூலில் சோஃபி என்ற பெண்ணுக்கு ஆணுக்கு உகந்தவளாக இருக்கும் வளர்ப்பைத்தான் அவர் வைத்தார். அதை 1792-இல் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் கடுமையாக மறுத்து எழுதினார். உங்கள் பாடநூலின் இயற்கைவாதப் பக்கத்தில் இது இல்லையென்றால் நீங்களே ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது ஒரே ஒரு தப்பு விடையை எடுத்து, ஒவ்வொரு தத்துவமும் அதை என்ன செய்யும் என்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டது. எந்த ஊர் வகுப்பிலும் வருகிற தப்பு இது.

அடிப்படைப் பாடங்களே முதல் என்று நினைக்கிற ஆசிரியர், பகுதி எண்களைச் சமமாக்க வேண்டும், மீச்சிறு பொது மடங்கு 6, ஆகவே 3/6 + 2/6 = 5/6 என்று தெளிவாகக் காட்டி, இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்து, அடுத்த வாரம் டெஸ்ட் வைப்பார். சாக்ரடீஸ் வழியில் போகிறவர் விடையைச் சொல்லமாட்டார். “2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?” என்று கேட்பார். சின்னது என்று பிள்ளை சொன்னதும், “அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைஞ்சது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் அடிமைச் சிறுவனிடம் நடப்பது இதேதான். 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 4; அதை 8 ஆக்கப் பக்கம் எவ்வளவு வேண்டும்? சிறுவன் 4 என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான், 9 வருகிறது. தெரியும் என்று நினைத்தது தெரியாது என்று ஆன பிறகுதான் மூலைவிட்டத்தையே பக்கமாக எடுக்கிற விடைக்கு வழி திறக்கிறது. இந்த முறை கெட்டுப்போவது, ஆசிரியர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்குள்ளும் விடையை ஒளித்துவைத்து, பிள்ளை ‘ஆமாம் மிஸ்’ என்று மட்டும் சொல்லும்போது. அந்த உரையாடலின் மேலேயே அந்தக் குறை சொல்லப்படுவதுண்டு.

பயனளவைவாதி அளவுக் கோப்பையைக் கொண்டுவருவார். அரை கப் அரிசி, மூன்றில் ஒரு கப் உளுந்து, இரண்டையும் ஆறு கோடு போட்ட ஒரு கண்ணாடி கிளாஸில் கொட்டினால் ஐந்தாவது கோட்டில் நிற்கும். கண்ணால் பார்த்த பிறகு 2/5 என்று எழுதக் கை வராது. பெரும்பாலும் ஆக்டிவிட்டி இங்கேயே நின்றுவிடுகிறது, அதுதான் பழுது. கோட்டில் நின்ற அளவை மறுபடி 3/6 + 2/6 என்ற எழுத்துக்குக் கொண்டுவரவில்லை என்றால், பிள்ளைக்கு அரிசி கொட்டியது ஞாபகம் இருக்கும், கணக்கு வராது. இயற்கைவாதி இந்த வயதில் இது எதற்கு, தேவை வரும்போது தானே வரும் என்பார். இருத்தலியத்துக்கு இங்கே சொல்ல அதிகமில்லை. அந்தப் பிள்ளை தன் விடையைத் தன் விடையாக நின்று சொன்னதா, அல்லது பயந்து பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதியதா என்று மட்டும் அது கேட்கும். அது முக்கியமான கேள்விதான், ஆனால் பின்னக் கூட்டல் அதிலிருந்து வராது.

இந்தத் தப்பில் இன்னொன்றும் இருக்கிறது, பாடத்தை நன்கறிந்த ஆசிரியர்தான் அதைப் பிடிப்பார். 2 மேட்சில் 1 ஜெயித்தோம், அப்புறம் 3 மேட்சில் 1 ஜெயித்தோம், மொத்தம் 5-இல் 2. அங்கே பிள்ளை செய்த கூட்டல் சரி. ஒரே முழுமையின் பகுதிகளைக் கூட்டுகிறோமா, வெவ்வேறு தொகுதிகளைச் சேர்க்கிறோமா என்பதில்தான் அது தவறியிருக்கிறது. எந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டாலும் பாட அறிவு இல்லாத ஆசிரியர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். அதனால்தான் பாட அறிவை மட்டமாகப் பேசுகிற எந்தக் கல்விக் கொள்கையையும் நான் ஏற்பதில்லை.

அமெரிக்கப் பயனளவைவாதி டியூயியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், அவரைத்தான் அதிகம் தப்பாகப் படிக்கிறார்கள். 1896-இல் சிகாகோவில் அவர் தொடங்கிய சோதனைப் பள்ளியில் சமையலும் நெசவும் தச்சும் நடந்தன. கல்விக்கு வளர்ச்சியைத் தவிர வெளியே ஒரு நோக்கம் இல்லை என்று 1916-இல் எழுதினார். உடனே எழுகிற கேள்வி: திருடனும்தான் தன் தொழிலில் வளர்கிறான், அதுவும் கல்வியா? 1938-இல் வந்த சிறிய நூலில் அவரே இந்த உதாரணத்தை எடுத்துப் பதில் சொல்கிறார். ஒரு வளர்ச்சி மற்றத் திசைகளில் மேலும் வளர வழி திறக்கிறதா, அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தப் பதில். அதே நூலில், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு திட்டமே இல்லாமல் பிள்ளைகளை விட்டுவிடுகிற பள்ளிகளையும் கண்டிக்கிறார். ‘டியூயி என்றால் குழந்தை இஷ்டம்’ என்று தேர்வில் எழுதாதீர்கள். ‘தேடல்வழிக் கற்றல்’ என்று சொல்கிற பள்ளிக்குப் போனால், ஒரு புராஜெக்ட் முடிந்ததும் அடுத்து என்ன கேள்வி எழுந்தது என்று கேளுங்கள். அம்மா அப்பா ராத்திரி உட்கார்ந்து ஒட்டிய சார்ட்டுடன் புராஜெக்ட் முடிந்துவிட்டதென்றால் அங்கே டியூயி இல்லை.

அதே 1938-இல் அமெரிக்காவில் பேக்லி என்ற கல்வியாளர் முதலானோர், அடிப்படைப் பாடங்களே முதல் என்கிற கல்விக் கொள்கையின் அறிக்கையை முன்வைத்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான, திட்டமான அறிவு முதலில் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதைப் பழமை என்று தள்ளுவது சுலபம். ஆனால் வீட்டில் புத்தகமும் படித்தவர்களும் இருக்கிற பிள்ளை, வகுப்பில் விட்டுப்போனதை வீட்டில் பிடித்துக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு வகுப்பில் தெளிவாகச் சொல்லித்தராதது வேறெங்கும் கிடைக்காது. சமத்துவத்தை நோக்கமாக வைத்துக்கொண்டால், தெளிவான நேரடிப் போதனை பக்கம் சாய நல்ல காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. பிரேசில் கல்வியாளர் ஃப்ரெய்ரேயும், பிள்ளையின் மூளையில் ஆசிரியர் அறிவை டெபாசிட் போடுகிற ‘வங்கி முறை’யைத்தான் எதிர்த்தார், எழுத்தறிவை அல்ல. 1963-இல் பிரேசிலின் அன்ஜிகோஸ் ஊரில் சுமார் 300 பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த திட்டத்தில்தான் அவர் பெயர் பரவியது. டியூயியிடம் கொலம்பியாவில் பாடம் கேட்ட அம்பேத்கரிடமும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: பட்டமும் வேண்டும், தன் நிலைக்குக் காரணம் என்ன என்று கேட்கிற அறிவும் வேண்டும்.

இந்தியத் தத்துவம் என்றதும் ‘நோக்கம் மோட்சம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். முண்டக உபநிடதம் அறிவைப் பரை (மேல்நிலை), அபரை (கீழ்நிலை) என்று பிரித்து நான்கு வேதங்களையே கீழ்நிலை அறிவில் வைக்கிறது. இது சாதாரண துணிச்சல் இல்லை. தர்க்கத்தை மையமாகக் கொண்ட நியாயத் தரிசனமோ பதினாறு பொருள்களைச் சரியாக அறிவதுதான் உயர்ந்த நன்மைக்கு வழி என்கிறது. அவற்றில் வாதம், ஜல்பம், விதண்டை மூன்றும் உண்டு. உண்மை காணப் பேசுவது வாதம், ஜெயிக்கப் பேசுவது ஜல்பம், தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளியை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. வீட்டில் ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று திட்டுகிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. விவாதப் போட்டி நடத்துகிற பள்ளியிடம் இந்த மூன்றில் எதற்குப் பரிசு கொடுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். நம் புறநானூற்றின் 183-ஆம் பாட்டில் மோட்சப் பேச்சே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் கற்றவன் பக்கம்தான் தாயின் மனமும் சாயும், அரசும் அறிவுடையவன் வழியில்தான் செல்லும், கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவன்கண் படுவான் (அவனிடம் பணிவான்) என்கிறது. கல்வியின் சமூக நோக்கத்தை அரசன் ஒருவன் வெளிப்படையாகச் சொன்ன பாட்டு அது.

இனி எது உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்பதைப் பிரித்துவிடுகிறேன். யார் எந்த ஆண்டு என்ன எழுதினார், என்ன டைம்டேபிள் போட்டார் என்பதெல்லாம் உறுதி. ‘உள்பொருள் (உண்மையில் இருப்பது எது) பற்றி இந்தக் கொள்கை, ஆகவே இந்தக் கற்பித்தல் முறை’ என்று பாடநூல் போடுகிற நேர்கோடுதான் ஆட்டம் காண்கிறது. ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் தத்துவத்தில் இலட்சியவாதி, ஆனால் அவர் 1837-இல் தொடங்கியதோ விளையாட்டுப் பள்ளி. டியூயி இலட்சியவாதி ஹெகலின் வழியில் தொடங்கி விலகியவர். ஒருவருக்கு ஒரு ‘வாதம்’ என்று லேபிள் ஒட்டுவது பாடம் நடத்த வசதி, அவ்வளவுதான். மேற்கோள்களிலும் கவனம் வேண்டும். பல கையேடுகளில் அரிஸ்டாட்டில் பெயரில் வருகிற ‘நலமான உடலில் நலமான மனம்’ ரோமானியக் கவிஞர் ஜுவெனலின் தொடர். தெய்வத்திடம் எதை வேண்டலாம் என்று அவர் சொல்கிற இடத்தில் வருகிறது, கல்விக்கு வரையறையாக இல்லை. ‘மனம் நிரப்பும் பாத்திரமல்ல, மூட்டும் நெருப்பு’ என்பதை சாக்ரடீஸ் பெயரில் எழுதாதீர்கள், அதற்கு நெருக்கமான வரி இருப்பது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடம். விவேகானந்தரின் ‘மனிதனில் ஏற்கெனவே இருக்கும் பூரணத்துவத்தின் வெளிப்பாடு’ உறுதியானது. 1894-இல் சிகாகோவிலிருந்து சிங்காரவேலு முதலியாருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இருத்தலியவாதி சார்த்தரோ மனிதனுக்குள் முன்கூட்டியே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை என்றார். இந்த இருவரும் ‘முழுமையான வளர்ச்சி’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும் ஒன்றையே சொல்லவில்லை என்று தேர்வில் எழுதினால், அந்த ஒரு பத்திக்கே மதிப்பெண் வரும்.

எந்தப் பள்ளியில் படித்தால் பிள்ளை நன்றாக வரும் என்பதைத் தத்துவம் சொல்லாது. அது ஆசிரியரையும் வீட்டையும் பிள்ளையையும் பொறுத்தது. பள்ளி சொல்வதும் செய்வதும் ஒன்றா என்று பார்க்க மட்டும் தத்துவம் உதவும். மாண்டிசோரி (பிள்ளை பொருள்களைக் கையாண்டு தானே கற்கிற முறை) என்று போர்டு போட்ட இடத்தில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்களா, காலையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். உருளைக் கட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். தப்பை மிஸ் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லிவிடும், அதுதான் அந்தப் பொருளின் நோக்கம். ஒரே வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, நாற்பது நிமிட பீரியடில் மிஸ் கையைப் பிடித்துச் சரியான குழியில் போடவைத்தால், அது மரப் பொருள் வாங்கிவைத்த சாதாரண வகுப்பு. ஸ்டைனர் வழிப் பள்ளியில் (வால்டார்ஃப் பள்ளி என்றும் சொல்வார்கள்) முறையான வாசிப்பு ஏழு வயதுக்குப் பிறகுதான் தொடங்கும். அதில் சேர்த்துவிட்டு ஒன்றாம் வகுப்பு முடிந்ததும் மாற்றினால், புதுப் பள்ளியில் பிள்ளை பின்தங்கியதுபோல் தெரியும். சேர்த்தால் சில ஆண்டு நிற்பது என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள்.

கடைசியாக மொழி. காந்தியும் தாகூரும் தாய்மொழி என்றபோது அது ஊர் மொழியாகவும் இருந்தது. அல்சூரில் வளர்கிற உங்கள் மகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். கர்நாடக அரசு 1994-இல் முதல் நான்கு வகுப்புகள் தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-இல் அரசு அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது வெறும் சட்டச் சிக்கல் இல்லை. குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவருவதன் மேல் கட்டுவதா, வெளியுலகத்துக்குத் தயார்ப்படுத்துவதா என்ற பழைய தத்துவச் சண்டை. தீர்ப்பு யார் முடிவு செய்வது என்று சொல்லியது, எது நல்லது என்று சொல்லவில்லை. ஆகவே பள்ளியைப் பார்க்க அரை மணிதான் தருவார்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி, தப்பு விடைக்குப் பக்கத்தில் வெறும் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறதா, திருத்திய விடை இருக்கிறதா, ஒரு கேள்வி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பிள்ளை அவசரத்தில் தமிழில் ஒன்று கேட்டுவிட்டால் வகுப்பில் என்ன நடக்கும் என்று பிரின்சிபாலிடம் கேட்காமல், ஒன்றாம் வகுப்பு எடுக்கிற மிஸ்ஸிடமே நேராகக் கேளுங்கள்.